தொடாமல் போடும் சாவி

மங்கலம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு காலை நேரம். விருத்தாசலம் பஸ்ஸுக்காகக் கூட்டம் நிற்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி, தோளில் புத்தகப் பையோடு நின்றவள், ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. கூட்டம் வட்டமாக விலகிக்கொண்டது. 'காக்கா வலிப்பு, காக்கா வலிப்பு' என்று சத்தம். 'இரும்பு இருந்தா குடுங்கய்யா' என்றது ஒரு குரல். பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் சாவிக்கொத்தை உருவினார். இறங்கி வந்து அவள் கையில் வைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தூக்கிப் போட்டார். சாவி அவள் தோளில் பட்டு மண்ணில் விழுந்தது.

'எந்தத் தெரு புள்ள?' என்று கேட்டாள் ஒரு கிழவி. 'காலனிப் புள்ள' என்று பதில் வந்தது. வட்டம் இன்னும் ஓர் அடி பின்னால் போனது.

நானும் அந்த வட்டத்தில் நின்றவன்தான். எழுதக் கூச்சமாக இருக்கிறது. தீண்டாமை பற்றி எத்தனையோ தெருமுனைக் கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியவன் நான். அந்தப் பெண் என் சாதிதான். அவளைத் தொட எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் தொட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. சாவியை எறிந்தவருக்கும் எனக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் என்ன வித்தியாசம்?

கடைசியில் கொய்யாப்பழக் கூடைக்காரம்மா ஒருவர்தான் உள்ளே வந்தார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கழுத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவைத் தளர்த்தினார். தலைக்கு அடியில் தன் சும்மாட்டை வைத்தார். 'யாரும் கையக் கால அமுக்காதீங்க, தானா நிக்கும்' என்றார். நின்றது. 'எம் மவனுக்கும் இருந்துச்சி தம்பி. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க' என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கண் விழித்த பெண் முதலில் செய்தது, தன் சுடிதார் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்ததுதான். நனைந்திருந்தது. அப்புறம் அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

இரும்பு வைத்தியம் இந்த நாட்டில் ஏன் இவ்வளவு செல்லுபடியாகிறது? இழுப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது. இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. ஊர்த்தெருப் பிள்ளை விழுந்தாலும் சாவிதான் கொடுக்கிறார்கள். ஆனால் கையில் வைத்து, விரலை மூடி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நம்ம பிள்ளை விழுந்தால் எறிகிறார்கள். தொடாமலேயே உதவி செய்துவிட்டதாக மனசை ஆற்றிக்கொள்ள ஒரு சாவி போதும். வலிப்புக்கு உண்மையான முதலுதவி என்பதோ முழுக்க முழுக்கத் தொடுவதில் இருக்கிறது. புரட்டிப் படுக்க வைக்கணும், எச்சில் வழியவிடணும், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைக்கணும், நினைவு வரும்வரை கூட இருக்கணும். தொடாதே என்று கற்பிக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இந்த நோய் வந்த சேரிப் பிள்ளையின் கதி என்ன என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அப்புறம் பல தடவை போனேன். பேரும் தெருவும் வேண்டாம். அம்மா கூலி வேலை. களை இருந்தால் களை, முந்திரிக்கொட்டை உடைக்கக் கூப்பிட்டால் அது. அப்பாவுக்கு விருத்தாசலம் பக்கம் ஒரு பீங்கான் சூளையில் வேலை. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையும் கரண்ட் பீங்கானும் ஊரெல்லாம் போகிறது. அதைச் சுடுகிறவன் வீட்டில் மாத்திரை வாங்கப் பஸ் காசு இல்லை.

'மொதல்ல பதினோரு வயசுல வந்துச்சி தம்பி. மாமியார் பேய்னாங்க. வேப்பிலை அடிச்சோம். தாயத்து கட்டினோம். கோழி அறுத்தோம். ரெண்டு வருசம் போயிட்டு. அப்பறந்தான் டாக்டர்கிட்ட போனோம். மாத்திர குடுத்தாரு. ஆறு மாசம் வரல. சரியாயிட்டுன்னு நிறுத்திட்டோம். நிறுத்தின வாரமே மூணு வாட்டி வந்துச்சி' என்றார் அம்மா. நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளின் கதை இதே வரிசையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் யார் என்ன சொல்லி இந்தக் குடும்பத்தை ஏமாற்றினார்கள் என்று பார்ப்போம்.

முதல் பொய்: சாபம், பேய், சாமி

மூளை நரம்பணுக்களில் ஓடுகிற மின்னோட்டம் திடீரென்று கட்டுக்கு மீறிப் பாய்வதுதான் வலிப்பு. கால்-கை வலிப்பு என்பது வாயில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆகிவிட்டது என்பார்கள். காக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. நுரையைத் தொட்டால் ஒட்டாது. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறியது, மூளைக் காய்ச்சல், தலையில் அடி, மூளையில் கட்டி, பரம்பரைக் கூறு என்று காரணங்கள் பல. பாதிப் பேருக்குக் காரணம் தெரியாமலும் இருக்கும்.

இது தெய்வ நோய் இல்லை, மற்ற நோய்களைப் போல மூளையிலிருந்து வருவதுதான் என்று கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பேரால் வழங்குகிற மருத்துவ நூல் வாதம் செய்து ஏறக்குறைய 2400 வருஷம் ஆகிறது. நம்ம ஊரில் இன்னும் வேப்பிலை அடிக்கிறோம். அடிக்கிற பூசாரியை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. பூசாரி பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நரம்பு டாக்டர் எங்கே இருக்கிறார்? கூப்பிட்ட குரலுக்கு வருகிறவனிடம்தான் சனங்க போவாங்க.

வலிப்பு என்றால் கை கால் இழுப்பது மட்டும்தான் என்று நினைப்பதும் தப்பு. சில பிள்ளைகள் பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும். வாத்தியார் அதை 'கவனமில்ல, திமிரு' என்று எடுத்துக்கொண்டு முதுகில் ஒன்று வைப்பார். சில பிள்ளைகளுக்குக் காலையில் எழுந்ததும் கை ஒரு வெட்டு வெட்டி டம்ளர் கீழே விழும். வீட்டில் 'கை சுத்தமில்லாதவ' என்று திட்டுவார்கள். அதுவும் வலிப்புதான். இந்தக் காலை வெட்டு வகை வயசுக்கு வருகிற காலத்தில்தான் அதிகமாகத் தலைகாட்டும். ராத்திரி கண் முழித்துப் பரீட்சைக்குப் படித்தால் கூடும். சேரிப் பிள்ளை மந்தம் என்று ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருக்கிற வகுப்பறையில் இதையெல்லாம் நோய் என்று யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இரண்டாவது பொய்: பன்றிக்கறி

இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் ஒரு மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, 'பன்னிக்கறி திம்பீங்களா?' அம்மா தலையைக் குனிந்துகொண்டார். 'அதான்' என்று சொல்லிவிட்டு அவர் எழுத ஆரம்பித்தாராம்.

கேள்வி தப்பில்லை. அந்த 'அதான்' தான் தப்பு. நாடாப்புழு முட்டை உடம்புக்குள் போய், குஞ்சு மூளையில் கூடு கட்டி, அதனால் வலிப்பு வருவது உண்மை. வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், வலிப்புள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுக்கூடுதான் காரணம் என்று கண்டார்கள். ஆனால் புழுவின் வழியைக் கவனியுங்கள். சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் குடலில் புழு வளரும். மூளைக்குப் போவது அந்தக் கறியில் இருப்பதல்ல. குடலில் புழு உள்ள மனிதனின் மலத்தில் வருகிற முட்டைதான் மூளைக்குப் போகிறது. அது தண்ணீரில், பச்சைக் காய்கறியில், கழுவாத கையில் ஒட்டிக்கொண்டு யார் வாய்க்குள்ளும் போகலாம். வாழ்நாளில் கறியே தொடாதவர் மூளைக்கும் போகலாம். பன்றியைத் தொடாத யூத வைதீகக் குடும்பங்களில், அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில், இதே நோயைக் கண்டுபிடித்து 1992இல் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள்.

அப்படியானால் குற்றவாளி யார்? நம்ம தட்டில் கிடக்கிற கறியா? கக்கூஸ் இல்லாத தெருவும், சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் ஒன்றாய் ஓடுகிற காலனியுமா? மலத்தைக் கையால் அள்ளச் சொல்லி ஒரு கூட்டத்தை ஒதுக்கி வைத்த சமூகம் இது. அதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. மலத்தை யார் தலையில் கட்டினார்களோ அவர்கள் சாப்பாட்டின் மேல் பழி. கறியை நன்றாக வேகவை, கையைக் கழுவு, புழு இருந்தால் மருந்து சாப்பிடு என்று சொல்வது மருத்துவம். 'அதான்' என்பது சாதி.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. புழுக்கூட்டால் வரும் வலிப்பு பல பேருக்கு வைத்தியத்தில் அடங்கிவிடும். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வலிப்பு மாத்திரையோடு, தேவைப்பட்டால் ஆல்பென்டசோலும் வீக்கம் வற்ற ஸ்டீராய்டும் தருவார்கள். ஸ்கேன் பார்க்காமல் கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. மூளை வீங்கி ஆபத்தாகிவிடலாம்.

மூன்றாவது பொய்: கல்யாணம் ஆகாது

'வெளியில சொல்லாதீங்க தம்பி. நாளைக்கி எவன் கட்டுவான்?' என்றார் அம்மா. பையனாக இருந்தால் இந்தக் கவலை பாதிதான். பெண் என்பதால் நோயை மறைக்கிறார்கள். மறைப்பதால் மாத்திரை மறைவாகிறது. மறைவான மாத்திரை சீக்கிரமே நின்றுபோகிறது.

இந்தப் பயத்தைச் சனங்களா கண்டுபிடித்தார்கள்? இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்தது. திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வருகிறவருக்குக் கல்யாணத் தகுதி இல்லை என்று எழுதினார்கள். வலிப்பையும் பைத்தியத்தையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டினார்கள். இருபத்து மூன்று வருஷம் அது சட்டமாக இருந்தது. 1999இல்தான் அந்த வரியிலிருந்து வலிப்பு என்ற சொல்லை நாடாளுமன்றம் நீக்கியது. சட்டத்திலிருந்து போய்விட்டது. பெண் பார்க்க வருகிறவன் வாயிலிருந்து போகவில்லை. வலிப்புள்ள பெண் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம், பால் கொடுக்கலாம். டாக்டரோடு முன்கூட்டியே பேசி மருந்தைச் சரி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே பெண்பிள்ளைகளுக்காக ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். சோடியம் வால்ப்ரோயேட் என்ற மாத்திரை நல்ல மாத்திரை. ஆனால் கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் குழந்தைக்கு ஊனமும் அறிவு வளர்ச்சிக் குறையும் வருகிற வாய்ப்பு மற்ற மாத்திரைகளைவிட அதிகம். அதனால் வேறு வழி இருக்கிற வரையில் இளம் பெண்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். நம்ம பெண்ணின் சீட்டில் அந்தப் பேர் இருந்தால் 'வேற மாத்திரை முடியுமா சார்?' என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. தானாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எந்த வலிப்பு மாத்திரையையும் சடக்கென்று நிறுத்துவதுதான் உயிருக்கு மோசம்.

மருந்து இருக்கிறது, வழிதான் இல்லை

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரைக்கும் வலிப்பு இல்லாமல் வாழ முடியும், ஒருவருக்கு ஒரு வருஷ மருந்துச் செலவு 5 டாலர் அளவுக்குக் குறைவாகவும் இருக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏழை நாடுகளில் நாலில் மூன்று பேருக்கு அந்த மருந்து போய்ச் சேருவதில்லை என்றும் அதுவே சொல்கிறது. பினோபார்பிட்டோன் 1912இலிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழசான ஒரு மாத்திரை மங்கலம்பேட்டைக் காலனிக்கு வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

முடியாத காரியமா இது? பக்கத்துக் கர்நாடகத்தில் எளந்தூர் என்ற கிராமப் பகுதியில் மருத்துவர் கே.எஸ். மணியும் அவர் குழுவினரும் செய்து காட்டினார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடித்து, விலை மலிவான பினோபார்பிட்டோன், பினைட்டாயின் மாத்திரைகளை மட்டுமே வைத்து வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு அடங்கியது. 2001இல் அந்த முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தேடிப் போனார்கள், விடாமல் தொடர்ந்தார்கள். அங்கே நடந்த மாயம் அவ்வளவுதான்.

நம்ம பிள்ளைக்கு என்னென்ன வழி இருக்கிறது?

முதலில் கண்டறிதல். டாக்டர் இழுப்பைப் பார்க்கப் போவதில்லை. பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான் பாதி வைத்தியம். இன்றைக்கு எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. பிள்ளையைப் பத்திரமாகப் படுக்க வைத்தபின் இன்னொருவர் அதைப் படம் எடுத்து டாக்டரிடம் மட்டும் காட்டலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கொடுமை. எந்தத் தேதி, எத்தனை நிமிஷம், முந்தின ராத்திரி தூக்கம் உண்டா, மாதவிலக்கா, மாத்திரை விட்டுப்போனதா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கணும். எழுதத் தெரியாத அம்மாவுக்குத் தெருவில் படித்த பிள்ளை எழுதிக் கொடுக்கணும். அப்புறம் மூளை மின் அலைப் பதிவு (இ.இ.ஜி.), தேவைப்பட்டால் ஸ்கேன்.

அடுத்தது மாத்திரை. ஒரே மாத்திரையில், குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். கார்பமசெபைன், லெவிடிராசிட்டம் என்று வகைகள் உண்டு. எந்த வகை வலிப்புக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்லணும். ஒருத்தருக்கு நின்ற மாத்திரை இன்னொருத்தருக்கு வலிப்பைக் கூட்டவும் செய்யலாம். பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு வருஷம் வலிப்பே வராமல் இருந்தால், டாக்டர் பார்த்து, மாசக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். எல்லாருக்கும் முடியாது. பல பேருக்கு முடியும்.

இரண்டு மருந்துகளைச் சரியாகத் தேர்ந்து, சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் 'உனக்கு இவ்வளவுதான்' என்று விட்டுவிடக் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு ஏற்றவரா என்று பார்க்கப் பெரிய மையத்துக்கு அனுப்பணும். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949இலேயே மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிவிட்டார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை நடக்கிறது. மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற வலிப்பாக இருந்தால் அந்த இடத்தை எடுத்தபின் பலருக்கு வலிப்பு நின்றிருக்கிறது. கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து குறைந்த தனிச் சாப்பாட்டு முறையும் சில பிள்ளைகளுக்கு உதவும். அது வீட்டில் நாமாகச் செய்கிற பத்தியம் இல்லை, மருத்துவர் கண்காணிப்பில் செய்வது. கழுத்து நரம்பில் கருவி பொருத்துவதும் உண்டு. அது லட்சக்கணக்கில் செலவாகிற சங்கதி.

இதெல்லாம் இருக்கிறது என்று நம்ம சனங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து சிதம்பரம், முண்டியம்பாக்கம், கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரிகள், அதற்கும் மேலே புதுச்சேரி ஜிப்மர், சென்னைப் பெரியாஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, இரண்டு பேர் பஸ் காசு போச்சு. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசு இல்லைதான். போய் வர ஆகிற காசை யார் கொடுப்பார்? 'மாத்திரைய ஒழுங்கா சாப்பிடல' என்று அம்மாவைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா?

அவளைக் கேட்டீர்களா?

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா பேசினார், அம்மா பேசினார், டாக்டர் பேசினார், நானும் பேசினேன். பல தடவை போன பிறகு ஒரு நாள் அவளாகச் சொன்னாள்: 'அந்த மாத்திரைய நாந்தான் துப்பிட்டேன் மாமா. ஈறு வீங்கி பல்லு அசிங்கமா இருக்கு. கிளாஸ்ல சிரிக்க முடியல.'

பினைட்டாயின் மாத்திரைக்கு ஈறு வீங்குகிற குணம் உண்டு. சிலருக்கு முகத்தில் முடி வளரும். பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அது சின்ன விஷயமா? யாராவது கேட்டிருந்தால் மாத்திரையை மாற்றியிருக்கலாம். கேட்காததால் அவள் துப்பினாள். துப்பியதால் பஸ் நிறுத்தத்தில் விழுந்தாள். நாலு வருஷமாக அவளுக்கு வைத்தியம் பார்த்த எல்லாரும் அவள் நோயோடு பேசினார்கள். அவளோடு பேசவில்லை. ஒடுக்கப்பட்டவன் குரலைக் கேள் என்று ஊருக்குச் சொல்கிற நாமும் நம்ம வீட்டுப் பெண்பிள்ளைக் குரலைக் கேட்பதில்லை.

பள்ளிக்கூடத்தில், 'மத்த புள்ளைங்க பயப்படுதுங்க, கொஞ்ச நாள் வீட்டுல வச்சிருங்க' என்றார்களாம். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள்? வலிப்பு உள்ள பிள்ளை படிக்கலாம், விளையாடலாம். 1992 உலகக் கோப்பையில் பறந்து விழுந்து ஸ்டம்பை உடைத்த தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஜான்டி ரோட்சுக்கும் வலிப்பு நோய் உண்டு. அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கவனிக்க வேண்டியவை சில மட்டும் உண்டு. தனியாகக் கிணற்றிலோ ஏரியிலோ குளிக்க வேண்டாம். தனியாக அடுப்படியில் நிற்க வேண்டாம். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் வேண்டாம். மரம் ஏற வேண்டாம், சூளைப் பக்கம் வேலைக்குப் போக வேண்டாம். நன்றாகத் தூங்க வேண்டும். வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லி எந்த மருத்துவமும் சொல்லவில்லை.

நாம் என்ன செய்வது?

2022இல் உலக சுகாதாரப் பேரவை வலிப்புக்கும் மற்ற நரம்பு நோய்களுக்கும் 2031 வரைக்கான செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் வலிப்பு தனிப் பேராக இல்லை. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம். அதே பையில் வலிப்பு மாத்திரையும் தட்டாமல் வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாளும் அது தீராமல் இருக்க வேண்டும். மாசம் ஒரு நாளாவது நரம்பு மருத்துவர் விருத்தாசலத்துக்கு வந்து உட்கார வேண்டும். வலிப்பு அடங்காதவர்களுக்குச் சான்றிதழும் பஸ் சலுகையும் வேண்டும். இவற்றைக் கேட்டு மனு கொடுப்பதும் மறியல் செய்வதும் நமக்குப் புதுசில்லை.

அதற்கு முன்னால் நம்ம பக்கம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. மேடையில் எதிரியைக் கிண்டல் செய்ய 'காக்கா வலிப்பு வந்தவன் மாதிரி' என்று நம் பேச்சாளர்களும் பேசுகிறார்கள். கூட்டம் சிரிக்கிறது. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் இந்தப் பெண் மாதிரி ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள், தோழர்களே.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் யார் யாருக்கு இழுப்பு வருகிறது என்று கேளுங்கள். மறைப்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். படித்த ஒருவர் பக்கத்தில் நின்றால் வரிசையில் பேசுகிற பேச்சே மாறிவிடுகிறது. இது வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் முதல் பத்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒருவரைத் தரையில் படுக்கச் சொல்லி, ஒருக்களித்துப் புரட்டிப் பழகுங்கள். சாவி வேண்டாம், செருப்பு மோக்க வைக்க வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம், முழு நினைவு வரும்வரை தண்ணீர் வேண்டாம், கை காலை அமுக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்க ஒருவர். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ உடனே 108. நனைந்த துணியை மறைக்கக் கையில் ஒரு துண்டு.

அந்தப் பெண்ணுக்கு இப்போது மாத்திரை மாறியிருக்கிறது. வலிப்பு முழுசாக நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். கூடப் போகிற இரண்டு தோழிகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: 'நான் வுழுந்தா பயப்படாதீங்கடி. சைடா திருப்பிப் போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்குங்க.' மங்கலம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அடுத்த தடவை யாராவது விழுந்தால் வட்டத்துக்குள் போக இப்போது நாலைந்து பேருக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.